மணற்கடல் கண்ணாடிக்குள் மாட்டிய சாட்சிகள்: வானில் வெடித்ததா, தரையில் மோதியதா?

என் மேசையில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. எடை 34 கிராம். தேன் கரைத்த தண்ணீர் போல வெளிர் மஞ்சள். காற்றும் மணலும் தேய்த்துத் தேய்த்து அதன் மேற்பரப்பை வழவழப்பான சின்னச் சின்னக் குழிகளாக்கி வைத்திருக்கின்றன. எகிப்தின் மேற்கே, லிபிய எல்லையை ஒட்டிய பெரும் மணற்கடலில் கிடைக்கும் லிபியப் பாலைவனக் கண்ணாடி அது. பல வருஷங்களுக்கு முன் ஒரு கனிமக் கண்காட்சியில் வாங்கினேன்.

பக்கத்துப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள். துண்டைக் கொஞ்ச நாள் கொடுங்கள், கூடவே ஒரு அட்டையில் நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெயர், இடம், வயது மூன்றையும் ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். விண்கல் வானத்தில் வெடித்த சூட்டில் மணல் உருகியது என்று எழுதுவதா, விண்கல் தரையில் மோதியதால் பாறை உருகியது என்று எழுதுவதா? இரண்டு கட்சியிலும் தேர்ந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு கட்சியும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட உட்பொருள்களைத்தான். ரத்தினக் கடைகளில் இதை இன்க்ளூஷன் என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். இந்தக் கண்ணாடியைப் பொறுத்தவரை எனக்கு மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

சண்டை இல்லாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் சுமார் 98 சதவீதம் சிலிக்கா. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் சோடாவும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் அது சில நூறு டிகிரியிலேயே இளகிவிடும். கிட்டத்தட்டத் தூய சிலிக்காவை உருக்க 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். வயது சுமார் 2 கோடியே 90 லட்சம் வருஷம். நில அளவையாளர் பேட்ரிக் கிளேட்டன் 1932 இல் மணல் குன்றுகளுக்கு நடுவே இதைப் பார்த்துச் சேகரித்தார். 1934 இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் எல். ஜே. ஸ்பென்சர் அவரோடு போய் நேரில் ஆராய்ந்தார். மணலுக்கு மேலே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அதில் 26 கிலோ எடையுள்ள கட்டியும் ஒன்று. துட்டன்காமனின் மார்புப் பதக்கத்து நடுவில் இருக்கும் மஞ்சள் வண்டு இந்தக் கண்ணாடியில் செதுக்கியதுதான். கல்லறையைத் திறந்த ஹோவர்டு கார்ட்டர் அதை வேறொரு மணிக்கல் என்று நினைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் இத்தாலியக் கனிமவியலாளர் வின்சென்சோ டி மிக்கேலே சோதித்துப் பார்த்துத்தான் பாலைவனக் கண்ணாடி என்று தெரிந்தது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது?

வெளிப்பரப்பு கரடுமுரடாக இருப்பதால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் உள்ளே தெளிவாகத் தெரியாது. பாலிஷ் போட எனக்கு மனசு வரவில்லை. எத்தனையோ காலமாகப் பாலைவனம் செய்த வேலையை நான் ஏன் அழிக்க வேண்டும்? அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, துண்டை அதில் முழுக்கவிட வேண்டும். இந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46. கிளிசரினுடையது 1.47. இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் துண்டின் ஓரங்கள் கரைந்ததுபோல் மறைந்துவிடும். உள்ளே இருப்பவை மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரியும். முதன்முதலாக அதைப் பார்த்த சாயங்காலம் கிண்ணத்தை விட்டு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

என் துண்டில் மூன்று வகை தெரிகின்றன. முதலாவது, கடுகில் பாதி அளவில் ஆறு வெள்ளை உருண்டைகள். பத்து மடங்கு லென்ஸில் ஒவ்வொன்றும் வெயிலில் வெடித்த களிமண் போலக் கீறல் விட்டிருக்கிறது. இது கிறிஸ்டோபலைட். சிலிக்காவேதான், ஆனால் படிகமாகியிருக்கிறது. இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்காக வைத்து நடுவில் துண்டைப் பிடித்தால் கண்ணாடி பெரும்பாலும் இருண்டிருக்க, உருண்டைகள் மட்டும் சாம்பல் வெள்ளையில் மங்கலாக மினுங்கும். இரண்டாவது, ஊதுபத்திப் புகை நெளிந்ததுபோல் ஒரு பழுப்புக் கீற்று. மூன்றாவது, குமிழிகள். கோழைபோல் ஓடிய குழம்பு எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமாக அவையும் இழுபட்டிருக்கின்றன.

வழக்கைத் தீர்க்கிற நாலாவது சாட்சி எந்த லென்ஸிலும் தெரியாது. மணலோடு கலந்து வந்த சிர்கான் என்ற கடினமான கனிமத்தின் துகள்கள் அவை. மைக்ரான் கணக்கில்தான் அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத்தான் அவை வாய் திறக்கும்.

இவற்றைச் சாட்சியாக எடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இது சூட்டைப் பற்றிச் சொல்கிறதா, அழுத்தத்தைப் பற்றிச் சொல்கிறதா? வானில் வெடித்தாலும் சூடு உண்டு, தரையில் மோதினாலும் சூடு உண்டு. இடி விழுந்தாலும் உண்டு. ஆகவே சூட்டைப் பற்றி மட்டும் பேசும் சாட்சி எவ்வளவு நல்ல சாட்சியாக இருந்தாலும் இந்த வழக்கை முடித்துவைக்க அதனால் ஆகாது. பழைய விவாதங்களைப் படிக்கும்போது பல இடங்களில் இந்த இரண்டையும் பிரிக்காமல் குழப்பிக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கிறிஸ்டோபலைட் உருண்டைகள் பெரிதாக உதவாது. 1,470 டிகிரிக்கும் சுமார் 1,710 டிகிரிக்கும் நடுவில் நிலையாக இருக்கும் சிலிக்கா வடிவம் அது. உருகிய குழம்பு ஆறும்போது கண்ணாடிக்குள்ளேயே முளைத்து வளர்ந்தவை. பிறகு இன்னும் ஆறியபோது படிக அமைப்பு மாறிச் சுருங்கியதால் கீறல் விழுந்தது. அவை சொல்வது ஆறிய கதை. பிறந்த கதைக்கு அவற்றிடம் பதில் இல்லை. குமிழிகளும் அப்படித்தான். ஆனால் போலித் துண்டு வாங்கிவிடாமல் இருக்க இவை இரண்டும் நல்ல துணை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அச்சில் வார்த்த கண்ணாடியில் குமிழிகள் பெரும்பாலும் வட்டமாக இருக்கும். உள்ளே கீறல் விட்ட வெள்ளை உருண்டையைப் போலி செய்வது சுலபம் இல்லை.

பழுப்புக் கீற்று அப்படி இல்லை, அது நிறையப் பேசும். அங்கே இரும்பு, நிக்கல், குரோமியம், கோபால்ட் கூடுதலாக இருக்கின்றன, இரிடியமும் இருக்கிறது. அவை கலந்திருக்கும் விகிதம் காண்டிரைட் வகை விண்கல்லோடு ஒத்துப்போகிறது. ஆஸ்மியம் ஐசோடோப்புகளை அளந்தவர்களும் அதே முடிவுக்கு வந்தார்கள். அதாவது அந்தப் புகைக் கீற்றில் வானத்திலிருந்து வந்த பொருள் மிகச் சிறிய அளவில் கரைந்திருக்கிறது. 2002 இல் ஜொவான்னி பிராடெசியும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படிப்பட்ட கறுத்த பட்டைகளில் கிராஃபைட் இழைகளையும் காட்டினார்கள்.

இந்த ஒரு கீற்று இரண்டு பழைய கருத்துகளை வெளியே அனுப்பிவிடுகிறது. சிலிக்கா கரைசல் பழைய ஏரியில் ஜெல்லாக உறைந்து கண்ணாடியானது என்று சிலர் சொன்னார்கள். ஏரி நீருக்குக் காண்டிரைட் விகிதத்தில் இரிடியம் எங்கிருந்து வரும்? தவிர, சாதாரணச் சூட்டில் உறைந்த ஜெல்லுக்குள் 1,670 டிகிரிக்கு மேல் சிதைந்த சிர்கான் இருக்க வழியே இல்லை. மின்னல் விழுந்து மணல் உருகியது என்ற கருத்துக்கும் இதே கதிதான். மின்னல் மணலைத் துளைத்தால் வெறும் குழாய் போன்ற ஃபல்குரைட்தான் கிடைக்கும், 26 கிலோக் கட்டி கிடைக்காது.

மிஞ்சுவது இரண்டு. இரண்டிலும் விண்கல் உண்டு. அதனால் பழுப்புக் கீற்றின் சாட்சியமும் இதற்கு மேல் உதவாது.

வான்வெடிப்புக் கட்சியின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். முதல் காரணம், இவ்வளவு கண்ணாடி கிடக்கிறது, பள்ளத்தைக் காணோம். லிபியாவில் பிபி, ஓயாசிஸ் என்று இரண்டு மோதல் பள்ளங்கள் இருந்தாலும் அவற்றை இந்தக் கண்ணாடியோடு உறுதியாக முடிச்சுப் போட முடியவில்லை. கெபிரா என்று 2006 இல் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து அறிவித்த பெரிய வட்டத்தில் மோதலுக்கான சான்று கிடைக்கவில்லை. அதோடு, 1908 இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் வானிலேயே வெடித்தது, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தது, பள்ளம் இல்லை. 1945 இல் நியூ மெக்சிகோவில் கோபுரத்தின் மேல் வெடித்த முதல் அணுகுண்டு கீழே கிடந்த மணலைக் கண்ணாடியாக்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரிய விண்கல் ஒன்று தாழ்வாக வெடித்து அதன் நெருப்புக்கோளம் தரையைத் தொட்டிருந்தால் போதும் என்று தோன்றும். மார்க் பாஸ்லோவும் டேவிட் கிராஃபோர்டும் 2008 இல் கணினிக் கணக்கிலேயே இதைச் செய்து காட்டினார்கள்.

உட்பொருள்களிலும் இந்தக் கட்சிக்கு ஒரு சாட்சி உண்டு. 2018 இல் அன்ஸ்கர் கிரெஷாகே குழுவினர் கண்ணாடிக்குள் முல்லைட் என்ற கனிமத்தைக் கண்டார்கள். மணற்பாறையில் கலந்திருந்த களிமண் கடும் சூட்டில் வெந்தால் வருவது அது. செங்கல் சூளையிலும் பீங்கான் உலையிலும் உண்டாகிற அதே பொருள். அது பிறந்த சூழலில் சூடு அதிகம், அழுத்தம் குறைவு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதைப் படித்தபோது வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் யோசித்தால், மோதலில் அழுத்தம் நொடியின் சிறு பகுதிக்குள் வந்து போய்விடும். அது போன பிறகும் குழம்பு வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். முல்லைட் அந்த இரண்டாம் கட்டத்தில் பிறந்திருக்கலாம். அதாவது முல்லைட் இருப்பதை வைத்து அழுத்தமே இருக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது.

அங்கேதான் சிர்கான் வருகிறது. இதன் கதை பழையது. 1969 இலேயே பார்பரா கிளைன்மன் இந்தக் கண்ணாடிக்குள் சிர்கான் சிதைந்து பேடலியைட் என்ற சிர்கோனியா கனிமமாக மாறியிருப்பதைக் கவனித்தார். அதற்கு 1,670 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எரிமலைகளால் அவ்வளவு சூடு கொடுக்க முடியாது. அந்தக் காலத்தில் இதையே மோதலுக்கான ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதுவும் சூட்டுச் சாட்சிதானே? வான்வெடிப்புக் கட்சி இதை அலட்டிக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளும்.

50 வருஷம் கழித்து, 2019 இல், ஆரன் கவோசியும் கிறிஸ்டியன் கோபெர்லும் அதே சிர்கானிடம் வேறு கேள்வி கேட்டார்கள். சிர்கானை மிகக் கடுமையாக அழுத்தினால் அது ரீடைட் என்ற நெருக்கமான வடிவத்துக்கு மாறும். அதற்கு சுமார் 30 கிகா பாஸ்கல் வேண்டும், அதாவது நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல 3 லட்சம் மடங்கு. பிறகு சூடு ஏறினால் ரீடைட் மறுபடி சிர்கானாகவே திரும்பிவிடும். ஆக இன்றைக்குப் பார்த்தால் ரீடைட் இருக்காது. ஆனால் திரும்பி வந்த சிர்கான் பொடிப்பொடி மணிகளாக இருக்கும். அந்த மணிகளின் படிக அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, குறிப்பிட்ட சில திசைகளில் மட்டும் நிற்கும்.

வாசலில் போட்ட கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோடுகளை யாரோ மிதித்து அழித்துவிட்டார்கள், புள்ளிகள் மட்டும் வரிசை கலையாமல் நிற்கின்றன. கோலம் போடத் தெரிந்தவர் அந்தப் புள்ளி வரிசையைப் பார்த்தே என்ன கோலம் இருந்தது என்று சொல்லிவிடுவார். ரீடைட் அழிந்துபோன கோலம். மணிகளின் திசை ஒழுங்கு மிஞ்சிய புள்ளி வரிசை. எலக்ட்ரான் கற்றையைத் தெறிக்கவிட்டு ஒவ்வொரு மணியின் திசையையும் அளந்து, சில சிர்கான் துகள்களில் அந்தப் புள்ளி வரிசை இருப்பதைக் காட்டினார்கள். வானில் நடக்கும் வெடிப்பின் அதிர்ச்சி அலையால் தரையில் இந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாது, அந்த அளவின் பக்கத்தில்கூட அது வராது. தரையில் மோத வேண்டும்.

நான் கட்சி மாறியது இந்த இடத்தில்தான்.

எதிர்த் தரப்பு இதற்கும் ஒரு நியாயமான பதில் சொல்லலாம். மணற்பாறை என்பதே பழைய பாறைகள் உதிர்ந்து சேர்ந்தது. அதில் இருக்கும் சிர்கான் வேறொரு பழைய மோதலில் முன்பே அடிபட்டிருக்கலாம், பின்னால் வந்த வான்வெடிப்பு அதை உருக்கி மட்டும் இருக்கலாம் இல்லையா? இதை நான் ரொம்ப நாள் மனசில் போட்டு உருட்டினேன். இதற்கு எனக்குத் திருப்தியான பதில் 2023 இல் எலிசவேட்டா கோவலேவா குழுவின் வேலையில் கிடைத்தது. அவர்கள் பார்த்தது சிர்கான் சிதைந்து கிடைத்த சிர்கோனியாவை, அதாவது ஏற்கெனவே சூடு பட்டுப் பிறந்த பொருளை. அது முன்பு கனசதுர வடிவில் இருந்ததற்கான தடம் கிடைத்தது. அதற்கு 2,250 முதல் 2,700 டிகிரி வரை வேண்டும். சுமார் 1,30,000 வளிமண்டல அழுத்தத்தில் மட்டும் பிறக்கும் இன்னொரு அரிய வடிவத்தின் தடமும் கிடைத்தது. சூடும் அழுத்தமும் ஒரே பொருளில் பதிந்திருக்கின்றன. பழைய அடி ஒன்று, புதிய சூடு ஒன்று என்று இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து இதை விளக்குவது மிகவும் சிரமம்.

பள்ளம் எங்கே என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. மோதல் கட்சியின் பலவீனம் அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2 கோடியே 90 லட்சம் வருஷத்தில் அந்த நிலம் ஈரமாக இருந்து, காய்ந்து, அரித்து, மணலில் புதைந்து போயிருக்கிறது. 2001 இல் கிளைன்மன் குழுவும், பிறகு 2019 இல் கோபெர்லும் லுடோவிக் ஃபெரியரும், கண்ணாடி கிடைக்கும் பகுதியின் மணற்பாறையிலேயே அதிர்ச்சியில் கோடு விழுந்த குவார்ட்ஸைக் கண்டார்கள். பள்ளம் அரித்துப் போய் அதன் அடிவேர் மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதில் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பது ஒரு பள்ளிக்கூட அட்டையோடு முடிகிற விஷயம் இல்லை. பள்ளம் உண்டாக்கும் மோதல்களைவிட வான்வெடிப்புகள் அடிக்கடி நடப்பவை. 2013 இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி உடைந்து விழுந்து. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரில் மணலை உருக்கும் சக்தி வான்வெடிப்புக்கு உண்டு என்று வைத்துக்கொண்டால், பூமியைக் காக்கப் போடும் திட்டங்களில் அந்த ஆபத்தின் எடை பெரிதாக ஏறும். லிபியக் கண்ணாடியை அதற்கு முதன்மை உதாரணமாகக் காட்டி வந்தார்கள். கவோசியும் கோபெர்லும் தங்கள் கட்டுரையில் கேட்டதே, இந்த ஆபத்தைக் கூட்டி மதிப்பிட்டுவிட்டோமா என்றுதான்.

இதே கேள்வியைச் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்குக் கொண்டுபோனால் விடை மாறுவதையும் சொல்ல வேண்டும். அங்கே பீகா ஊர்ப் பக்கம், சுமார் 75 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரும்பச்சைக் கண்ணாடிப் பாளங்கள் கிடக்கின்றன. வயது 12,000 வருஷம்தான், லிபியக் கண்ணாடியோடு பார்த்தால் நேற்று நடந்தது. சதுப்பு நிலப் புற்கள் பற்றி எரிந்த சூட்டில் மண் உருகியது என்று ஒரு தரப்பு சொல்லி வந்தது. 2021 இல் பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவினர் அந்தப் பாளங்களுக்குள் சிதைந்த சிர்கானையும், டிராய்லைட், கியூபனைட் போன்ற கனிமத் துகள்களையும் கண்டார்கள். வைல்டு 2 வால்வெள்ளியிலிருந்து நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் கொண்டுவந்த தூசியோடு அவற்றை ஒப்பிட்டார்கள். சிர்கான் சிதைவு புல் தீயை ஓரம் கட்டுகிறது. டிராய்லைட் வானத்தைக் காட்டுகிறது. ரீடைட் தடம் போன்ற அழுத்தச் சாட்சியை அவர்கள் காட்டவில்லை, தரையில் மோதாமல் வானிலேயே வெடித்த நெருப்புக்கோளம் என்றே அவர்கள் வாதம் போகிறது. அங்கே நான் அட்டை எழுதினால் வான்வெடிப்பு என்றுதான் எழுதுவேன். ஒரு பாலைவனத்துக்கு எழுதிய தீர்ப்பை இன்னொன்றின் மேல் ஒட்ட முடியாது, உள்ளே இருப்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கு ஒரு வேண்டுகோளும் சேர்த்து அனுப்புகிறேன். துண்டைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கிளிசரின் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு லென்ஸும் இரண்டு போலராய்டு தாளும் வையுங்கள். பிள்ளைகள் ஆறு வெள்ளை உருண்டைகளையும் அவர்களாகவே எண்ணட்டும். பழுப்புக் கீற்றைக் காட்டும்போது மட்டும் அதில் விண்கல் கரைந்திருக்கிறது என்று யாராவது கூட நின்று சொல்லுங்கள், அது தானாகத் தெரியாது.

அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

லிபியப் பாலைவனக் கண்ணாடி. பெரும் மணற்கடல், மேற்கு எகிப்து.
வயது சுமார் 2 கோடியே 90 லட்சம் வருஷம்.
விண்கல் ஒன்று தரையில் மோதியபோது மணற்பாறை உருகி உண்டானது. இதற்கு ஆதாரம் கண்ணாடிக்குள் இருக்கும் சிர்கான் துகள்கள்.
மோதிய பள்ளம் இன்னும் கிடைக்கவில்லை.